வலி எத்தனை மணிக்கு வந்தது

ஜனவரி 15, புதன். நாகோயா

ஏழு மாத வயிற்றோடு இருக்கிறவளைப் பனி கொட்டுகிற மலையூருக்குக் கூட்டிப்போகப் போகிறாராம் மாப்பிள்ளை. ஊரின் பெயர் தகாயமா. பழங்காலத்து மரவீடுகள் தெருத்தெருவாக அப்படியே நிற்கின்றனவாம். நின்றுவிட்டுப் போகட்டும். அதைப் பார்க்கவா நான் கோபிச்செட்டிப்பாளையத்திலிருந்து இரண்டு விமானம் மாறி வந்தேன்?

நான் வந்த காரியம் ஒன்றுதான். மோகனாவைப் பிரசவத்துக்கு ஊருக்கு அழைத்துப்போக வேண்டும். கட்டுச்சோறு ஆக்கிப் போட்டு, மகளைத் தாய்வீட்டுக்குக் கூட்டிவந்து பிள்ளைப்பேறு பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எட்டாம் மாதம் முற்றிவிட்டால் விமானத்தில் ஏற்ற மாட்டான். அதனால் இந்த மாதக் கடைசியில் நான் திரும்பும்போதே அவளும் வந்தாக வேண்டும். நான் வந்து ஆறு நாள் ஆகிறது. மூன்று தடவை கேட்டுவிட்டேன். மூன்று தடவையும் "பாக்கலாம்மா" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். பெற்றவளுக்கு இதுதான் மரியாதை.

போன தடவை நடந்ததை இன்னும் மனதில் வைத்திருக்கிறாள். அதற்கு நான் என்ன செய்வேன்? அந்த நர்சிங் ஹோமில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஸ்ட்ரெச்சரில் வைத்து மாடிப்படியில் தூக்கிக்கொண்டு போனார்கள். பிள்ளை எப்படித் தங்கும்? இரண்டு வருடம் ஆகிவிட்டது. அதையே நினைத்துக்கொண்டிருந்தால் முடியுமா?

வெள்ளிக்கிழமை பத்தே முக்கால் ரயிலாம். "பத்தரைல இருந்து பன்னெண்டு வரைக்கும் ராகு காலமுங்க மாப்ள, அடுத்த ரயிலுக்குப் போலாமே" என்றேன்.

"எந்தூரு ராகு காலமுங்க அத்தை? நம்மூர்ல அப்ப காலைல ஏழே காலு தானுங்க" என்று சிரித்தார் பூபதி.

முப்பத்தொரு வருடம் அரசுப் பள்ளியில் அறிவியல் பாடம் எடுத்தவள் நான். சூரிய உதயம் ஊருக்கு ஊர் மாறும் என்று எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. எந்த ஊரில் இருக்கிறோமோ அந்த ஊர் நேரம்தான் கணக்கு. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் மோகனா உள்ளேயிருந்து, "பத்தே முக்கால் ரயிலுக்கே போலாமுங்க" என்றாள். அவள் சிரிக்கவில்லை.

ஜனவரி 17, வெள்ளி. தகாயமா

பத்தே முக்கால் ரயிலில்தான் வந்தோம். சொன்னால் யார் கேட்கிறார்கள்?

ரயில் ஆற்றை ஒட்டியே மலையேறியது. பாதி வழியிலிருந்து பனி. ஜன்னலுக்கு வெளியே மரம், கூரை, மின்கம்பி எல்லாம் ஒரே வெள்ளை. அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இறங்கியதும் மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. நான் இரண்டு ஸ்வெட்டர், அதன்மேல் மாப்பிள்ளையின் கோட்டு, தலையில் மப்ளர், காலில் இவர்கள் வாங்கித் தந்த பூட்ஸ். புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தேன். ஒரு குடும்பம் நின்று பார்த்தது. பார்க்கட்டும்.

தங்குகிற விடுதியும் பழைய மரவீடுதான். வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு வேறு செருப்பு போட வேண்டும். சரி. அறைக்குள் கோரைப்பாய் விரித்திருக்கிறது, அதில் அந்தச் செருப்பும் கூடாது. அதுவும் சரி, நம் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் கக்கூசுக்கென்று தனியாக ஒரு ஜோடி வைத்திருக்கிறார்கள். அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் அதையே மாட்டிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டேன். விடுதிக்கார அம்மாள் ஓடிவந்து, என் காலடியில் குனிந்து, ஏதோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றினாள். தப்பு செய்தது நான், மன்னிப்புக் கேட்டது அவள். எட்டுப் பேர் பார்க்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அந்த அம்மாளின் பெயர் மத்சுதா. ஐம்பத்தைந்து வயதிருக்கும். கை ஓயாமல் வேலை செய்கிறாள். வெள்ளி, சனி நான் கவிச்சி தொட மாட்டேன் என்று மாப்பிள்ளை அவளிடம் சொன்னார். அவளும் தலையைத் தலையை ஆட்டிவிட்டுக் காய்கறிக் குழம்பு கொண்டு வைத்தாள். ஒரு வாய் வைத்ததும் தெரிந்துவிட்டது. மீன் வேகவைத்த தண்ணீர். மீன் துண்டு இல்லையே என்கிறாளாம். கடைசியில் ஊரிலிருந்து கொண்டுவந்த பருப்புப்பொடியைப் போட்டு வெறும் சோற்றைப் பிசைந்து தின்றேன்.

என் வீட்டுக்காரர் கோபியிலிருந்து போன் செய்தார். "கேட்டயா?" என்றார். "கேக்கறேன், கேக்கறேன், நீங்க சும்மா இருங்க" என்றேன்.

ஜனவரி 18, சனி

இன்று எனக்கு நல்ல பிடி கிடைத்தது.

காலையில் சமையலறைப் பக்கம் ஒரு பெண் நடந்தாள். நிறைமாதம். யார் என்று மாப்பிள்ளையை விட்டுக் கேட்கச் சொன்னேன். மத்சுதாவின் மகளாம். டோக்கியோவில் வேலை, புருஷனும் அங்கேதான். பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாள். இந்த ஊரிலும் அது வழக்கம்தானாம், அதற்கென்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்களாம்.

"பாத்தயா?" என்றேன் மோகனாவிடம். "பனி பேயற ஊர்லயே பொண்ணு அம்மா வீட்டுக்கு வருது. உனக்கு மட்டும் என்ன?"

"அவங்க அம்மா வேறம்மா" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். தோலுரித்த ஆரஞ்சுச் சுளையை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தாள். எப்படி இருக்கும் எனக்கு? அவளுக்கு அம்மை போட்டபோது இருபத்தொரு நாள் தரையில் படுத்தவள் நான். போன தடவை டாக்டர் வர லேட்டானதற்கு நானா பொறுப்பு? செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள் அந்த டாக்டர்.

பிறகு ஆற்றங்கரைச் சந்தைக்குப் போனோம். பனிக்குள் கூடாரம் போட்டு ஊறுகாய், சிவப்பு முள்ளங்கி, ஆப்பிள் என்று விற்கிறார்கள். கூவி அழைப்பதில்லை. பேரம் இல்லை. சந்தை மாதிரியே இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பழைய தெரு. கறுத்த மரச்சட்டம் போட்ட வீடுகள், கூரைகளில் ஒரு முழப் பனி, வாசல் ஓரத்துச் சாக்கடையில் கண்ணாடி போலத் தண்ணீர் ஓடுகிறது. அதையெல்லாம் ஒழுங்காகப் பார்க்க விடவில்லை ஒரு சம்பவம்.

எங்களோடு மத்சுதாவும் காய் வாங்க வந்திருந்தாள். ஒரு கடையில் சிவப்புத் துணியில் தைத்த சின்னப் பொம்மை ஒன்றை வாங்கி, இரண்டு கையாலும் மோகனாவிடம் நீட்டினாள். பிரசவம் நல்லபடியாக ஆக வேண்டும் என்று இந்த ஊரில் கொடுக்கிற பொம்மையாம். குழந்தை உருவம். கை இருக்கிறது, கால் இருக்கிறது. முகத்தில் கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை. வெறும் சிவப்புத் துணி.

பிள்ளைத்தாச்சிக்கு முகமில்லாத பிள்ளையைக் கொடுக்கிற ஊர் இது ஒன்றாகத்தான் இருக்கும். நான் அதைப் பிடுங்கி மத்சுதாவின் கூடையிலேயே போட்டுவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போனது. மாப்பிள்ளை அடுத்த கடையில் இருந்தார், நல்லவேளையாகப் பார்க்கவில்லை.

மோகனா குனிந்து பொம்மையை எடுத்தாள். "மூஞ்சி இருந்தா மட்டும் என்ன, நீ பாக்க உட்டயா?" என்றாள்.

நடுத்தெருவில் வைத்துக் கேட்கிறாள். பெற்றவள் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டால் ஆயுசுக்கும் மறக்க மாட்டாள் என்றுதான் நான் வேண்டாம் என்றேன். நர்ஸிடம் சொல்லித் துணியில் சுற்றி அப்படியே எடுத்துப்போகச் சொன்னேன். எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்வார்கள். நல்லதுக்குச் செய்ததெல்லாம் குற்றமாகிவிட்டது. மாப்பிள்ளையாவது அப்போது ஊரில் இருந்தாரா? இங்கே உட்கார்ந்துகொண்டு அடுத்த வாரம் வருகிறேன் என்றார். ஆட்டோ கிடைக்காமல் அல்லாடியது நான்.

அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. "அத்தை தனியா எவ்வளவு கஷ்டப்பட்டாங்களோ" என்றுதான் இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்கிறார். அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு எரிச்சலாக வருகிறது.

ஜனவரி 19, ஞாயிறு

காலையிலிருந்து பனி. யாரும் வெளியே போகவில்லை. மோகனா என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஜனவரி 20, திங்கள். ஆஸ்பத்திரி

நேற்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் அறையில் அந்த மேசைக்கடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். மேசைக்கு அடியில் ஹீட்டர், மேலே மெத்தை விரிப்பு. இந்த ஊரில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். வாசல் பக்கம் குசுகுசுவென்று பேச்சு கேட்டது. போய்ப் பார்த்தால் மாப்பிள்ளை மண்டியிட்டு மோகனாவுக்கு பூட்ஸ் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

"எங்கீங்க மாப்ள?"

"சும்மா, ஒரு நடைங்க அத்தை."

வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது. முழங்கால் பனி. தெருவில் ஒரு டாக்ஸி விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்கிறது. என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எங்கே கிளம்புகிறார்கள் என்று கத்தப் போனேன். அப்போதுதான் மோகனாவின் கையைப் பார்த்தேன். தூணைப் பிடித்திருந்தாள். விரல் முட்டியெல்லாம் வெளுத்திருந்தது.

"வலி வந்துட்டு வந்துட்டுப் போகுதுங்க. நீங்க பயந்துக்குவீங்கன்னு மோகனாதான் சொல்ல வேண்டாம்னுட்டா" என்றார் பூபதி.

அவர் அதை நம்பினார். மோகனா என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் எதற்காகச் சொல்ல வேண்டாம் என்றாள் என்று எனக்குத் தெரியும்.

அவர்களுக்கு முன்னால் நான் டாக்ஸியில் ஏறினேன். விடுதிச் செருப்போடு ஏறியது ஆஸ்பத்திரி வாசலில்தான் தெரிந்தது. டிரைவர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, காலியான சாலையிலும் சிவப்பு விளக்குக்கு நின்று நின்று ஓட்டினான். "யப்பா, கொஞ்சம் வெரசாப் போப்பா" என்று தமிழிலேயே கத்தினேன். அவன் தலையைத் தாழ்த்தி மரியாதை செய்துவிட்டு அதே வேகத்தில் ஓட்டினான்.

டாக்டர் சின்னப் பெண். வயிற்றில் கருவியை வைத்ததும் குழந்தையின் இதயத்துடிப்பு கேட்டது. குதிரை ஓடுகிற மாதிரி. பூபதி சுவரில் சாய்ந்துவிட்டார். மோகனா கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டர் மட்டும் ஸ்கேன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நோட்டை எடுத்துப் போன பிரசவத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கினாள். அவள் ஜப்பானிய மொழியில் கேட்க, பூபதி தமிழில் கேட்க, மோகனா சொல்ல, பூபதி திருப்பிச் சொல்ல வேண்டும்.

"போன தடவ வலி வந்து எவ்வளவு நேரத்துல ஆஸ்பத்திரிக்குப் போனீங்கன்னு கேக்கறாங்க."

மோகனா கூரையைப் பார்த்தபடி, "உடனே போயிட்டோம்" என்றாள்.

இரண்டு வருடமாக அவள் அதைத்தான் சொல்லிவருகிறாள். அப்படிச் சொல் என்று நான் கேட்கவே இல்லை. நாலரைக்கு வலி வந்தது என்று நான் ஊரெல்லாம் சொன்னேன். அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்டாள். மறுக்கவில்லை. புருஷனிடமும் அதையே சொல்லியிருக்கிறாள்.

டாக்டர் எழுதப் போனாள். முதல் அளவைத் தப்பாகக் குறித்துவிட்டால் அதற்கப்புறம் செய்கிற எல்லாம் தப்பு என்று எத்தனை பிள்ளைகளைச் சோதனைச் சாலையில் நிற்க வைத்துத் திட்டியிருக்கிறேன்.

"அத எழுத வேண்டாம்னு சொல்லுங்க மாப்ள" என்றேன். "வலி மூணு மணிக்கே வந்துருச்சு. ரத்தமும் பட்டுச்சு. செவ்வாக்கெழமை. நாலரை வரைக்கும் ராகு காலம், வெளிய கெளம்பக் கூடாதுன்னு நாந்தான் உக்கார வெச்சேன். நாலரைக்கு மேலதான் ஆட்டோவே கூப்புட்டேன். போய்ச் சேர்றப்ப அஞ்சாயிருச்சு."

பூபதி என்னைப் பார்த்தார். ஏன் என்று கேட்பார் என்று நின்றேன். கேட்கவில்லை. டாக்டர் பேனாவோடு காத்திருந்தாள். அவர் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்ல ஆரம்பித்து நடுவில் நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார். ராகு காலத்துக்கு என்ன வார்த்தை போட்டாரோ தெரியாது. தன் பிள்ளைக்கு நடந்ததை, கேட்ட அந்த நிமிடமே, யாரோ ஒருத்திக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய கதி அந்த மனிதருக்கு. கடைசி வரை தரையைப் பார்த்துத்தான் சொன்னார்.

டாக்டர் என்னை ஒரு தரம் பார்த்தாள். திட்டுவாள் என்று நிமிர்ந்து நின்றேன். தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒருத்தராவது திட்டக் கூடாதா?

அடுத்த கேள்வியை பூபதியால் முழுதாகக் கேட்க முடியவில்லை. "கொழந்த… கடைசியா எப்ப அசைஞ்சுதுன்னு…"

"நாலே காலுக்குக்கூட ஒதைச்சுதுங்க" என்றாள் மோகனா. "அம்மாகூட கை வெச்சுப் பாத்தாங்க."

பார்த்தேன். என் உள்ளங்கையில்தான் உதைத்தது. "நல்லாத்தான் இருக்குது, இன்னொரு கால் மணி நேரம் பொறு சாமி" என்று சொன்னேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அப்போது அவளுக்குப் பல் கிட்டிக்கொண்டு வந்தது. லிஃப்ட் ஓடவில்லைதான். டாக்டரும் வர லேட்டுதான். ஆனால் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உள்ளே துடிப்பே இல்லை. இதை நான் இதுவரை எங்கும் எழுதியதில்லை.

பூபதி சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு டாக்டருக்குச் சொன்னார்.

பயப்பட ஒன்றுமில்லையாம். குளிரிலும் அலைச்சலிலும் கர்ப்பப்பை இறுகியிருக்கிறது, நஞ்சுக்கொடி நன்றாக ஒட்டியிருக்கிறது. இரண்டு நாள் இங்கே வைத்துப் பார்ப்பார்கள். போன தடவை நடந்ததால் பிரசவம் வரை கண்காணிப்பில் இருக்க வேண்டும், விமானப் பயணம் கூடாது.

இன்று காலையில் மத்சுதா பனியில் நடந்தே வந்து சூப்பு கொடுத்துவிட்டுப் போனாள். மீன் வாசனை அடித்தது. மோகனா முழுக்கக் குடித்தாள்.

ஜனவரி 21, செவ்வாய்

பூபதி என்னிடம் மூன்று வார்த்தை பேசினார். "சாப்புடுங்க." "தூங்குங்க." "டாக்டர் வர்றாங்க." வழக்கமாகச் சேர்த்துச் சொல்கிற "அத்தை" இல்லை.

ஜனவரி 22, புதன். நாகோயா

மத்தியான ரயிலில் வந்து சேர்ந்தோம். பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ராகு காலம். நான் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மோகனாவைப் படுக்க வைத்துவிட்டு ரசம் கூட்டினேன். கொதி வருகிற நேரத்தில் கோபியிலிருந்து அவர் போன் செய்தார்.

"என்ன மரகதம், கேட்டயா? புள்ள எப்ப வருது? மாடி ரூமுக்கு வெள்ளையடிக்கச் சொல்லிட்டேன்."

டாக்டர் விமானத்தில் போகக் கூடாது என்கிறாள் என்று சொல்லிவிட்டால் போதும். பொய்யும் இல்லை. அவர் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்க மாட்டார். வாய் வரை வந்துவிட்டது.

"அவ வர மாட்டாளுங்க" என்றேன். "நானா இருந்தாலும் வர மாட்டேன். அன்னைக்கு வலி நாலரைக்கு வரல. மூணு மணிக்கே வந்துச்சு. ராகு காலம் போகட்டும்னு நான் புடிச்சு உக்கார வெச்சுட்டேன்."

 

"எங்கிட்டயும் மறைச்சயா?" என்றார். போனை வைத்துவிட்டார்.

திரும்பினால் சமையலறை வாசலில் மோகனா நிற்கிறாள். வயிற்றில் ஒரு கை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

எழுந்து வரக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே, ஏன் வந்தாய் என்று அதட்டத்தான் வந்தது. அடக்கிக்கொண்டேன். "எனக்கு விசா மூணு மாசம் இருக்குது கண்ணு. டிக்கெட்டத் தள்ளிப் போட்டுக்கறேன். பிரசவம் வரைக்கும் நான் இங்கயே இருக்கட்டுமா?" என்று கேட்டேன். அவளிடம் நான் அனுமதி கேட்டது இதுதான் முதல் தடவை.

அவள் யோசித்தாள். ரசம் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவளே கை நீட்டி அடுப்பை நிறுத்தினாள்.

"இரும்மா" என்றாள். "சோறாக்கு. புள்ள பொறந்தப்பறம் பத்தியம் பாரு, குளிப்பாட்டி உடு. ஆனா வலி வந்தா உங்கிட்டச் சொல்ல மாட்டேன். நாங்க ரெண்டு பேரும் போயிருவோம். பொறந்தப்பறம் போன் பண்றோம்."

சொல்லிவிட்டு, நான் பதில் பேசுவேன் என்று காத்து நின்றாள். முப்பது வருடமாக நான் எதற்குத்தான் பதில் பேசாமல் விட்டேன்? கோபம் வரும் என்று நானும் காத்துப் பார்த்தேன்.

"சரி சாமி" என்றேன்.